இலண்டன் விமான நிலையமும் முன்பதிவு வாடகைக் காரும்

இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கும் ஒரு பயணி, நகரத்தில் உள்ள தன் விடுதிக்கு வாடகைக் காரில் செல்ல விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. வாயிலில் வரிசையாக நிற்கும் கறுப்பு டாக்சியில் ஏறிச் செல்லலாம். அல்லது முன்பதிவு செய்த தனி வாடகைக் காரில் செல்லலாம். அப்படிப் பதிவு செய்திருந்தால், ஓட்டுநர் வருகைக் கூடத்தில் பயணியின் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி காத்திருப்பதும் உண்டு.

மூன்றாவதாக ஒருவர் அருகில் வந்து, "கார் வேண்டுமா?" என்று மெல்லிய குரலில் கேட்கக்கூடும். அவரிடம் இருப்பதும் கார்தான். அதுவும் அதே சாலையில்தான் ஓடும். ஆனால் அவர் செய்வது குற்றம்.

இந்த மூன்று கார்களையும் வேறுபடுத்துவது காரின் விலையோ தரமோ அன்று. சவாரி எங்கே, எப்போது, யாரால் பதிவு செய்யப்பட்டது என்பதே வேறுபாடு. முன்பதிவு என்பதை நாம் இன்று ஒரு வசதியாக மட்டுமே பார்க்கிறோம். இலண்டனில் அது முதலில் சட்டத்தின் இடைவெளியாக இருந்தது; பின்னர் பயணியின் பாதுகாப்பாக மாறியது; கடைசியில் ஓட்டுநரின் உரிமை பற்றிய வழக்கிலும் இடம்பெற்றது. அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

சவாரி தேடி நிற்கும் வண்டி

இலண்டனில் வாடகை வண்டிகளுக்கான முதல் நிலையத்தை 1634 ஆம் ஆண்டில் கேப்டன் பெய்லி என்பவர் ஸ்ட்ராண்டு வீதியில் ஏற்படுத்தினார். நான்கு குதிரை வண்டிகள், சீருடை அணிந்த வண்டியோட்டிகள், முன்னரே சொல்லப்பட்ட கட்டணம் ஆகியவை அந்நிலையத்தின் சிறப்புகள். 1654 இல் ஆலிவர் குரோம்வெல் ஆட்சியில் வந்த ஓர் ஆணை, நகரில் 200 பேர் 300 வாடகை வண்டிகளை வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு விதித்தது.

பின்னர் 1831, 1843, 1869 ஆகிய ஆண்டுகளில் வாடகை வண்டிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவை அனைத்தும் ஒரே வகை வண்டியைக் குறிவைத்தன. தெருவில் நின்றோ, மெதுவாகச் சென்றோ, கையைக் காட்டும் எவரையும் ஏற்றிக்கொள்ளும் வண்டி அது. இதைச் 'சவாரி தேடி நிற்றல்' எனலாம். அத்தகைய வண்டிக்கு உரிமம் வேண்டும். ஓட்டுபவருக்கும் உரிமம் வேண்டும். கட்டணம் அரசு விதித்தபடி இருக்க வேண்டும். 1865 முதல் ஓட்டுநர்களுக்கு 'நாலெட்ஜ்' எனப்படும் தேர்வும் வந்தது. சேரிங் கிராஸ் பகுதியைச் சுற்றி ஆறு மைல் தொலைவுக்குள் உள்ள தெருக்களையும் முக்கிய இடங்களையும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும் என்பது அத்தேர்வின் நிபந்தனை. இன்றும் இதில் தேற மூன்று, நான்கு ஆண்டுகள் ஆவது இயல்பு. 1907 இல் மீட்டர் கட்டாயமாயிற்று.

சட்டம் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருந்தது? தெருவில் வண்டியை நிறுத்தும் பயணிக்கு அந்த ஓட்டுநரைப் பற்றி எதுவும் தெரியாது. விசாரிக்க நேரமும் இல்லை. எனவே அவருக்காக அரசு முன்னதாகவே விசாரித்து வைத்தது. உரிமத் தகடு என்பது அந்த விசாரணையின் அடையாளம்.

மாறாக, வண்டி லாயத்துக்கு ஆளனுப்பி, "நாளைக் காலை எட்டு மணிக்கு வண்டி வேண்டும்" என்று பேசி வைப்பவர் விசாரித்துத்தான் பேசுகிறார். பிடிக்காவிட்டால் வேறு லாயத்துக்குப் போகலாம். இவ்வாறு பேசி அமர்த்தும் வண்டிகளை டாக்சிச் சட்டங்கள் பெரும்பாலும் தொடவில்லை. வசதி படைத்தவர்கள் மட்டுமே அமர்த்தும் வண்டிகளாக அவை இருந்தவரை இதனால் பெரிய சிக்கல் எழவில்லை.

விமானத்துடன் சேர்ந்து வந்த கார்

1919 ஆகஸ்ட் 25 அன்று இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஹௌன்சுலோ ஹீத் திடலிலிருந்து பாரிசுக்கு நாள்தோறும் செல்லும் விமான சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டே இலண்டனின் விமான நிலையம் தெற்கேயுள்ள கிராய்டனுக்கு மாறியது. இரண்டு இடங்களுமே நகர மையத்திலிருந்து தொலைவில் இருந்தன. விமானம் வேகமாகப் பறந்தாலும், விடுதியிலிருந்து திடலுக்குப் போய்ச் சேர நெடுநேரம் ஆயிற்று. விமானப் பயணத்தின் முதல் சிக்கல் தரையில்தான் இருந்தது.

இந்தக் காலத்துக் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1922 முதல் 1924 வரை கிராய்டனிலிருந்து விமானங்களை இயக்கிய நிறுவனங்களில் டெய்ம்லர் ஏர்வே ஒன்று. கார் தயாரிப்பில் பெயர்பெற்ற டெய்ம்லர் குழுவைச் சேர்ந்தது அது. ஓட்டுநருடன் உயர்தரக் கார்களை வாடகைக்கு விடும் டெய்ம்லர் ஹயர் நிறுவனமும் அதே குழுவில் இருந்தது. பழைய வண்டி லாயத்தின் வேலையை மோட்டார் காரில் செய்த நிறுவனம் என்று அதைச் சொல்லலாம். 1924 இல் டெய்ம்லர் ஏர்வே உள்ளிட்ட நான்கு நிறுவனங்கள் இணைந்து இம்பீரியல் ஏர்வேஸ் உருவாயிற்று.

இம்பீரியல் ஏர்வேஸ் பயணிகள் நேரே விமானத் திடலுக்குச் செல்ல வேண்டியதில்லை. நகரத்தில் கூடினால், நிறுவனமே அவர்களைக் கிராய்டனுக்கு அழைத்துச் சென்றது. சீட்டு வாங்கிய இடத்திலேயே சாலைப் பயணத்துக்கான பொறுப்பும் முடிவாகிவிட்டது. பயணி ஓட்டுநரைத் தேட வேண்டியதில்லை. கட்டணம் பேச வேண்டியதில்லை.

நகரத்து முனையங்கள்

இந்த ஏற்பாடு வளர்ந்து, நகரத்துக்குள்ளேயே விமான முனையம் கட்டும் வழக்கமாயிற்று. விக்டோரியா இரயில் நிலையத்தை அடுத்து இம்பீரியல் ஏர்வேசின் எம்பயர் டெர்மினல் 1939 இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு போர் மூண்டது.

போருக்குப் பின் 1946 இல் ஹீத்ரோ பொதுமக்கள் விமான நிலையமாயிற்று. தொடக்கத்தில் பயணிகள் காத்திருந்தது இராணுவக் கூடாரங்களில்தான். நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 23 கிலோமீட்டர் மேற்கே இருந்த அந்த இடத்துக்கு அப்போது இரயில் இல்லை. எனவே விமான நிறுவனங்களின் பேருந்துகளே முக்கிய இணைப்பு. குரோம்வெல் சாலையில் 1957 இல் மேற்கு இலண்டன் விமான முனையம் தொடங்கியது. பயணிகள் அங்கேயே பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுப் பேருந்தில் ஹீத்ரோ செல்வார்கள். முனையத்திலிருந்து விடுதிவரை செல்ல டாக்சி போதுமாக இருந்தது. அது சிறிய தொலைவு, கட்டணமும் சிறிது.

இந்த முனையங்கள் நிலைக்கவில்லை. 1965 இல் எம்4 நெடுஞ்சாலை ஹீத்ரோவை எட்டியது. சொந்தக் கார் வைத்திருப்போர் பெருகினர். மேற்கு இலண்டன் முனையத்தில் பெட்டி ஒப்படைக்கும் வேலை 1974 இல் நின்றது. 1977 டிசம்பரில் பிக்காடில்லி சுரங்க இரயில் ஹீத்ரோவுக்குள் வந்தது. 1998 இல் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் தொடங்கி, பேடிங்டன் நிலையத்தை ஏறத்தாழ 15 நிமிடத்தில் அடைய வழி செய்தது.

ஆயினும் இரயில் விடுதி வாசல்வரை வராது. நான்கு பெட்டிகளும் கைக்குழந்தையும் கொண்ட குடும்பத்துக்கும், நள்ளிரவில் இறங்குபவருக்கும், முதியவருக்கும் கார் தேவைப்பட்டது. விமான நிறுவனம் முன்பு ஏற்றிருந்த பொறுப்பு இப்போது பயணியின் தலையில் வந்து விழுந்தது. அந்த இடத்தை நிரப்பியவற்றுள் முக்கியமானது மினிகேப்.

1961: மினிகேப் வருகை

1961 இல் மைக்கேல் கோட்லா என்பவரின் வெல்பெக் மோட்டார்ஸ் நிறுவனம், ரெனோ டோஃபின் என்ற சிறிய பிரெஞ்சுக் கார்களை இலண்டனில் வாடகைக்கு இறக்கியது. காரின் பக்கங்களில் விளம்பரங்கள் இருந்தன. ஓட்டுநர்கள் நாலெட்ஜ் தேர்வு எழுதியவர்கள் அல்லர். டாக்சி உரிமமும் கிடையாது. கட்டணம் டாக்சியைவிடக் குறைவு.

இது எப்படி முடிந்தது? 1869 ஆம் ஆண்டுச் சட்டம் சவாரி தேடி நிற்கும் வண்டிக்கு மட்டுமே உரிமம் கேட்டது. வெல்பெக் கார்களைப் பயணி தெருவில் நிறுத்துவதில்லை; தொலைபேசியில் அழைக்கிறார்; அலுவலகம் வானொலிக் கருவி மூலம் காரை அனுப்புகிறது. ஆகவே இது பேசி அமர்த்தும் வண்டி என்பது நிறுவனத்தின் வாதம். பழைய லாயத்துக்கு ஆளனுப்பிய செல்வரின் சலுகை, தொலைபேசி உள்ள எவருக்கும் கிடைத்துவிட்டது.

டாக்சி ஓட்டுநர்கள் கொதித்தார்கள். ஆண்டுக்கணக்கில் தெருக்களை மனப்பாடம் செய்து, உரிமம் பெற்று, அரசு விதித்த கட்டணத்தில் ஓட்டுபவர்கள் அவர்கள். அதே சவாரியை எந்த நிபந்தனையும் இல்லாதவர் எடுத்துச் செல்வதை அவர்களால் ஏற்க முடியவில்லை. சாலையில் மோதல்கள் நடந்தன. மினிகேப் அலுவலகங்களுக்குப் பொய் அழைப்புகள் வந்தன. இல்லாத பயணிக்காகக் கார்கள் அலைந்தன. முன்பதிவையே ஆயுதமாக்கிய போராட்டம் அது. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது என்பதையும் மாணவர்கள் கருத வேண்டும்.

1962 இல் வெல்பெக் நிறுவனத்துக்கு எதிரான வழக்கொன்றில், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய கார் பொது இடத்தில் நெடுநேரம் நின்றிருந்தால், அது சவாரி தேடி நின்றதாகக் கருத இடமுண்டு என்று உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் முன்பதிவு முறை தடை செய்யப்படவில்லை. 1968 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மினிகேப்கள் தங்கள் கார்மீது 'டாக்சி', 'கேப்' போன்ற சொற்களை எழுதிக்கொள்வதைக் கட்டுப்படுத்தியது. பெயர்ப்பலகையைக் கட்டுப்படுத்திய சட்டம், ஓட்டுபவர் யார் என்று கேட்கவில்லை.

உரிமம் கேட்காத காலம்

இங்கிலாந்தின் பிற பகுதிகளில் உள்ளாட்சி அமைப்புகள் தனி வாடகைக் கார்களுக்கு உரிமம் வழங்க 1976 ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. இலண்டன் அதில் சேரவில்லை. ஆகவே நாட்டின் தலைநகரில், ஒரு காரும் ஒரு தொலைபேசியும் வைத்திருந்த எவரும் மினிகேப் தொழில் செய்யலாம் என்ற நிலை மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. நேர்மையாகத் தொழில் செய்தவர்கள் பலர் இருந்தனர். ஆனால் நேர்மையானவரையும் மற்றவரையும் பிரித்தறியப் பயணிக்கு வழியில்லை.

வந்திறங்கும் வெளிநாட்டுப் பயணியின் நிலை இன்னும் கடினம். அவருக்கு ஊர் தெரியாது, தொலைவு தெரியாது, நியாயமான கட்டணம் எவ்வளவு என்று தெரியாது. களைத்திருப்பார். ஆள்பிடிப்பவருக்கு ஏற்ற நேரம் அதுதான். பதிவு எதுவும் இல்லாத அந்தச் சவாரியில் பெட்டி தொலைந்தாலும், கேட்ட தொகை இருமடங்கானாலும், அதைவிடக் கொடியது நேர்ந்தாலும், எந்தக் காரில் ஏறினார் என்பதற்குச் சான்று இராது.

1986 இல் சூசி லேம்ப்ளூ என்ற இளம்பெண் பணி நிமித்தம் ஒருவரைச் சந்திக்கச் சென்று காணாமல் போனார். அந்நிகழ்ச்சிக்கும் மினிகேப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் அவருடைய தாய் டயானா லேம்ப்ளூ தொடங்கிய தனிமனிதப் பாதுகாப்பு அறக்கட்டளை, இலண்டன் மினிகேப்களுக்கு உரிமம் வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தியது. 1994 இல் இயற்றப்பட்ட குற்றவியல் சட்டம் ஒன்று, பொது இடத்தில் வாடகைக் காருக்கு ஆள்பிடிப்பதைத் தனிக் குற்றமாக்கியது. விமான நிலையத்தில் அருகே வந்து காதோடு கேட்பவர் செய்வது குற்றம் என்று தொடக்கத்தில் கூறியது இதனால்தான்.

1998 ஆம் ஆண்டுச் சட்டம்

நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஜார்ஜ் யங் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 'தனி வாடகை ஊர்திகள் (இலண்டன்) சட்டம், 1998' ஆயிற்று. 2001 முதல் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இதன்படி மூன்று உரிமங்கள் தேவை: பதிவு ஏற்கும் நிறுவனத்துக்கு ஒன்று, ஓட்டுநருக்கு ஒன்று, காருக்கு ஒன்று. மூன்றில் எது இல்லாவிட்டாலும் சவாரி சட்டவிரோதம்.

அதைவிட முக்கியமான விதி பதிவேடு பற்றியது. பயணம் தொடங்குவதற்கு முன்பே நிறுவனம் தன் பதிவேட்டில் விவரங்களை எழுத வேண்டும். பதிவு செய்த நாள், பயண நாள், பயணியின் பெயர், ஏறும் இடமும் நேரமும், சேரும் இடம், சொல்லப்பட்ட கட்டணம், ஓட்டுநரின் பெயர், காரின் எண் ஆகியவை அதில் அடங்கும். ஏறிய பின் எழுதிக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை.

முன்பு சட்டத்திலிருந்து தப்பிக்க உதவிய அதே முன்பதிவு, இப்போது சட்டத்தின் அடித்தளமாயிற்று. டாக்சியில் பயணியைக் காப்பது ஓட்டுநரின் நீண்ட தேர்வும் மீட்டரும். தனி வாடகைக் காரில் அவரைக் காப்பது, முன்னதாக எழுதப்பட்ட ஒரு வரி.

இரண்டு வகைகளின் வேறுபாடும் இதனால் தெளிவாயிற்று. டாக்சி நிலையத்தில் நிற்கலாம். தெருவில் கைகாட்டுபவரை ஏற்றலாம். நிலையத்தில் பயணி ஏற வந்தால், தக்க காரணமின்றி 12 மைல்வரையிலான சவாரியை ஓட்டுநர் மறுக்க முடியாது. ஹீத்ரோவிலிருந்து புறப்பட்டால் இவ்வரம்பு 20 மைல். ஆகவே நகர மையத்து விடுதிக்கு வர மாட்டேன் என்று ஹீத்ரோ டாக்சி சொல்லலாகாது. கட்டணம் மீட்டர்படி, நெரிசல் கூடினால் கட்டணமும் கூடும். தனி வாடகைக் காரோ நிலையத்தில் நிற்கலாகாது, மீட்டர் பொருத்தலாகாது. அதன் கட்டணத்தை அரசு விதிப்பதில்லை. பதிவின்போதே கேட்டறிந்து ஒப்புக்கொள்ளலாம்.

செயலியும் நீதிமன்றங்களும்

2012 இல் ஊபர் நிறுவனம் இலண்டனில் தொழில் தொடங்கியது. கைப்பேசியைத் தொட்ட சில நிமிடங்களில் கார் வந்து நின்றது. தெருவில் கைகாட்டுவதற்கும் முன்பதிவுக்கும் இடையே இருந்த காலவெளி ஏறத்தாழ மறைந்துவிட்டது. செயலி தொலைவையும் நேரத்தையும் கணக்கிடுவதால் அதுவும் மீட்டர்தானே என்று டாக்சி ஓட்டுநர்கள் கேட்டனர். அது சட்டம் குறிப்பிடும் மீட்டர் அன்று என 2015 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பதிவேட்டின் மதிப்பைச் சோதித்த நிகழ்ச்சி 2019 நவம்பரில் வந்தது. இலண்டன் போக்குவரத்து ஆணையம் ஊபரின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அனுமதியற்ற சிலர் தங்கள் புகைப்படங்களைப் பிற ஓட்டுநர்களின் கணக்குகளில் ஏற்றி, குறைந்தது 14,000 சவாரிகள் ஓட்டியிருந்தனர் என்பது ஆணையம் கூறிய காரணங்களுள் ஒன்று. அதாவது பதிவேட்டில் ஒரு பெயர், இருக்கையில் வேறொருவர். பதிவு இருந்தும், அது உண்மையைச் சொல்லவில்லை. நிறுவனம் மேல்முறையீடு செய்து, குறைகளைத் திருத்தியதாகக் காட்டி, 2020 இல் நீதிமன்றம் மூலம் உரிமம் பெற்றது.

அடுத்த கேள்வி ஓட்டுநரைப் பற்றியது. ஓட்டுநர்கள் சுயதொழில் செய்வோர், தாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. கட்டணத்தை முடிவு செய்வதும், நிபந்தனைகளை விதிப்பதும், மதிப்பெண் மூலம் ஓட்டுநரைக் கட்டுப்படுத்துவதும் நிறுவனமே. ஆகவே வழக்குத் தொடுத்த ஓட்டுநர்கள் குறைந்தபட்ச ஊதியமும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் பெறும் தகுதியுள்ள பணியாளர்கள் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம், இலண்டனில் பதிவை ஏற்கும் நிறுவனமே பயணியுடன் நேரடியாக ஒப்பந்தம் செய்தாக வேண்டும் என்று கூறியது. பதிவை வாங்கிக்கொண்டு பொறுப்பை ஓட்டுநரிடம் தள்ளிவிட முடியாது என்பது இதன் பொருள்.

வரலாறு காட்டுவது

கிராய்டன் நாட்களில் விமான நிறுவனம் பயணியைக் கையோடு அழைத்துச் சென்றது. அந்தப் பொறுப்பு கைமாறியபோது அதை ஏற்பவர் யார் என்பது பல ஆண்டுகள் தெளிவாக இல்லை. அந்த இடைவெளியில் நல்ல ஓட்டுநர்களும் பிழைத்தார்கள், ஆள்பிடிப்பவர்களும் பிழைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் இரு தரப்பார்: ஊர் தெரியாத பயணிகளும், விதிகளைக் கடைப்பிடித்ததாலேயே நட்டமடைந்த டாக்சி ஓட்டுநர்களும். இருவருக்கும் ஓரளவு நியாயம் கிடைத்தது, "இந்தச் சவாரிக்கு யார் பொறுப்பு?" என்பதை வண்டி நகரும் முன்பே எழுத வேண்டும் என்ற விதியால்தான். அந்த விதி வர, முதல் மினிகேப் வந்த நாளிலிருந்து 37 ஆண்டுகள் ஆயின.

நம் ஊர்களிலிருந்து படிப்புக்காகவும் வேலைக்காகவும் உறவினரைக் காணவும் ஹீத்ரோவில் இறங்குவோர் இன்று பலர். முன்பதிவு செய்பவர்கள் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் செய்ய வேண்டும். மொத்தக் கட்டணம் எவ்வளவு, விமானம் தாமதமானால் காத்திருப்புக் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். இலண்டனில் உரிமம் பெற்ற தனி வாடகைக் காரின் கண்ணாடியில் உரிம வில்லை ஒட்டப்பட்டிருக்கும். ஓட்டுநரிடம் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை இருக்கும். பெயர் அட்டையைப் பார்த்ததும் மகிழ்ந்து ஓடிவிடக் கூடாது. பதிவில் வந்த ஓட்டுநர் பெயரும் காரின் எண்ணும் எதிரே இருப்பவற்றுடன் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே பெட்டியைக் காரில் ஏற்ற வேண்டும்.